சொல்லும் நாணயமும்: சிங்கப்பூர் அயலுறவு வரலாற்றில் ஒரு பார்வை

அரியக்குடி என்றதும் இரு பெருமைகள் நினைவுக்கு வரும். தென்திருப்பதி எனப் போற்றப்பெறும் திருவேங்கடமுடையான் திருக்கோயில் ஒன்று. இன்றைய கருநாடக இசைக் கச்சேரிக்கு வடிவம் வகுத்த இராமானுஜ ஐயங்கார் 1890 ஆம் ஆண்டில் பிறந்த மண் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நகரத்தார் ஊர்களுள் ஒன்றாகிய இவ்வூர், கடல் கடந்து சென்று பொருளீட்டிய ஒரு சமூகத்தின் வரலாற்றைத் தன் வீடுகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. செட்டிநாட்டு வளவுகளின் தூணும் கதவும் பர்மாத் தேக்கு. அவற்றை எழுப்பிய பொருள் இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஈட்டப்பட்டது.

இப்பயணத்தைக் 'கொண்டு விற்கப் போதல்' என்று செட்டிநாட்டார் வழங்கினர். அவ்வாறு போனவருக்குப் பின்னால் படையில்லை. கப்பற்படை காக்கும் கோட்டையும் இல்லை. பெட்டகமும் பேரேடும் உண்டியற் சீட்டில் இட்ட கையெழுத்துமே அவர்தம் துணை. ஓர் ஊரில் எழுதிக் கொடுத்த சீட்டு, ஆயிரங்கல் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் கேள்வியின்றிப் பணமாக மாறியது என்றால், அச்சீட்டின் மதிப்பு அதை எழுதியவரின் சொல்லில் இருந்தது. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றேயென வாழ்ந்து காட்டியவர்கள் கடல் கடந்த வணிகர்கள்.

தனி மனிதருக்குப் பொருந்திய இவ்வுண்மை ஒரு நாட்டுக்கும் பொருந்துமா? படைவலியும் நிலப்பரப்பும் இல்லாத ஒரு சிறு தீவு, தன் சொல்லின் நாணயத்தைக் கொண்டே உலக நாடுகளிடையே நிமிர்ந்து நிற்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேட, நகரத்தார் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நன்கறிந்திருந்த சிங்கப்பூரின் அயலுறவு வரலாறு பெரிதும் துணை செய்யும்.

ஔவையின் தூது

அயலுறவு என்பது தமிழர்க்குப் புதிய துறையன்று. வள்ளுவர் பொருட்பாலில் அமைச்சு, சொல்வன்மை, தூது ஆகியவற்றுக்குத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். அவர்க்கும் முன்பே புலவர் ஒருவர் தூது சென்ற செய்தி புறநானூற்றில் உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி குறுநில மன்னன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் பெருநில வேந்தன். போர் மூளும் நிலையில் அதியமான் தொண்டைமானிடம் அனுப்பியது ஒரு படைத்தலைவனை அன்று, ஔவையாரை. தொண்டைமான் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்ட, நெய்பூசி மாலை சூட்டி அழகாய் அடுக்கப்பட்டிருந்த கருவிகளைப் புகழ்வது போலப் புகழ்ந்து, தன் மன்னனின் படைக்கலங்களோ ஓயாப் போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவையார் சொல்லி முடித்தார். புகழ்ச்சியின் உள்ளே எச்சரிக்கை இருந்தது. சிறியவன் பெரியவனிடம் தாழாமலும் மோதாமலும் பேசிய பேச்சு அது.

எளிய அரசுக்குப் பேசும் திறனுடைய ஒருவர் எவ்வளவு பெரிய படை என்பதற்கு அப்பாடல் சான்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு சிறிய அரசும் தன் முதல் தூதுவராக ஓர் எழுத்தாளரையே தேர்ந்தது.

மார்க்கெட் தெருவிலிருந்து

1819 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் வணிகத்துறை அமைத்தபின் சிங்கப்பூர் விரைந்து வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே நகரத்தார் அங்குச் சென்றனர். மார்க்கெட் தெருவிலிருந்த அவர்தம் கிட்டங்கிகளில் ஒரே கூரையின் கீழ்ப் பல முதலாளிகளின் பெட்டியடிகள் வரிசையாக இருந்தன. பகலில் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் நடந்த அத்தரையிலேயே இரவில் பாய் விரித்து உறங்கினர். டேங்க் சாலையில் 1859 ஆம் ஆண்டில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி திருக்கோயில் இன்றும் தைப்பூசக் காவடிகளின் நிறைவிடமாகத் திகழ்கிறது.

சீனரும் மலாயரும் தமிழரும் பிறரும் கலந்து வாழ்ந்த அத்தீவு 1963 ஆம் ஆண்டில் மலேசியக் கூட்டரசில் இணைந்தது. கருத்து வேற்றுமைகள் முற்றி, 1965 ஆகஸ்டு 9 ஆம் நாள் பிரிந்தது. விடுதலை வேண்டிப் போராடிப் பெறும் நாடுகளுண்டு. விரும்பாத விடுதலை வந்து சேர்ந்த நாடு சிங்கப்பூர். பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 19 இலட்சம் அளவு. குடிநீரின் பெரும்பகுதி பிரிந்து வந்த மலேசியாவின் சொகூர் மாநிலத்திலிருந்து குழாய்வழி வந்தது. தெற்கே, பத்துக்கோடி மக்களுக்கு மேற்பட்ட இந்தோனேசியா 1963 முதலே மலேசியாவுக்கு எதிராக 'மோதல்' கொள்கையை நடத்திக் கொண்டிருந்தது. அவ்வாண்டு மார்ச்சு 10 ஆம் நாள் சிங்கப்பூரின் மெக்டொனால்டு மாளிகையில் வெடித்த குண்டு மூவர் உயிரைப் பறித்திருந்தது.

இந்நிலையில் அத்தீவுக்கு ஒரு வெளியுறவு அமைச்சகம் தேவைப்பட்டது. நகர மண்டபக் கட்டடத்தின் அறைகளில் விரல்விட்டு எண்ணத்தக்க அலுவலர்களுடன் அது தொடங்கியது. முதல் அமைச்சர் சின்னத்தம்பி இராசரத்தினம்.

எழுத்தாளர் அமைச்சரானார்

இராசரத்தினம் 1915 பிப்ரவரி 25 ஆம் நாள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே மலாயாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சிரம்பான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தார். 1930-களில் சட்டம் பயில இலண்டன் சென்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டு வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது, படிப்பு முடியவில்லை. எழுத்தே பிழைப்பாயிற்று. ஆங்கிலத்தில் சிறுகதைகள் எழுதினார். அப்போது பி.பி.சி.யின் கீழைநாட்டுப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல் அவருடைய எழுத்தைக் கண்டு வானொலிக்கு எழுத அழைத்தார்.

அக்காலக் கதைகளுள் 'புலி' என்பது குறிப்பிடத்தக்கது. ஆற்றில் குளிக்கும் கருவுற்ற பெண்ணொருத்தி ஒரு புலியை எதிர்கொள்கிறாள். அது அவளைத் தாக்கவில்லை. ஆயினும் செய்தி அறிந்த ஊரார் துப்பாக்கி ஏந்திப் புறப்படுகின்றனர். கொன்ற பின்னரே அது ஈன்ற தாய்ப்புலி என்று தெரிகிறது. அச்சம் கொண்டவர்கள் எதிரியை அறியுமுன் எவ்வாறு கொல்லத் துணிகின்றனர் என்பதை எழுதியவர், பிற்காலத்தில் அச்சம் சூழ்ந்த ஒரு நாட்டின் வெளியுறவை வகுக்க வேண்டியவரானார்.

போருக்குப் பின் திரும்பி வந்து இதழாளரானார். 1954 ஆம் ஆண்டில் மக்கள் செயல் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். 1957 ஆம் ஆண்டில் ஓர் இனங்கலந்த சமுதாயம் நாடாக முடியுமா என்பதை விவாதிக்கும் ஆறு பகுதி வானொலி நாடகத்தை எழுதினார். 1959 ஆம் ஆண்டில் பண்பாட்டு அமைச்சரானார். மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே நாடு என்பதே அவரது நெடுநாள் நம்பிக்கை. எனவே பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திட அவர் முதலில் இசையவில்லை. இறுதியில் மனம் நொந்தே கையெழுத்திட்டார். அவர் வளர்ந்த சிரம்பான் ஒரே நாளில் அயல்நாட்டு ஊராயிற்று. அவ்வயல்நாட்டோடு உறவு பேணுவதே அவருக்குரிய முதற்கடமையும் ஆயிற்று.

தமிழில் எழுதியவரல்லர் அவர். ஆயினும் பல இனத்தார் ஒரு மக்களாக வாழ உறுதி கூறும் சிங்கப்பூர்த் தேசிய உறுதிமொழியின் முதல் வரைவை 1966 ஆம் ஆண்டில் எழுதியவர் இந்த யாழ்ப்பாணத் தமிழரே. நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகள் நான்கு மொழிகளுள் ஏதேனும் ஒன்றில் அதனைச் சொல்கின்றனர்.

எழுத்து என்னும் அரண்

1965 செப்டம்பர் 21 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவையில் சிங்கப்பூர் 117 ஆம் உறுப்பு நாடாயிற்று. அதனை முன்மொழிந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. அதனினும் முதன்மையானது வேறொன்று. 1961, 1962 ஆம் ஆண்டுகளின் குடிநீர் ஒப்பந்தங்களுக்குப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே உறுதி பெறப்பட்டது. அப்பிரிவினை ஒப்பந்தம் ஐ.நா. அவையில் பதிவும் செய்யப்பட்டது. ஆற்றைக் காக்க அணை கட்டுவது போல, தண்ணீரைக் காக்க ஓர் எழுத்து அரண் கட்டப்பட்டது. கடன் கொடுத்தவர் முறியைப் பதிவு செய்து வைப்பதற்கும் இதற்கும் கருத்தளவில் வேற்றுமையில்லை.

சொல் மட்டும் போதும் என்று அந்நாடு எண்ணியதுமில்லை. படை அமைக்க உதவுமாறு பிரதமர் லீ குவான் இயூ, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கு எழுதினார். நல்வாழ்த்து வந்தது, படையுதவி பற்றிய சொல் வரவில்லை. பின்னர் இசுரேலியர் வந்து பயிற்றுவித்தனர். சுற்றிலும் முசுலிம் நாடுகள் இருந்தமையால், வந்தவர்கள் மெக்சிகோ நாட்டினர் என்றே வெளியில் சொல்லப்பட்டது. நாணயத்தைப் பேணும் அரசும் சில உண்மைகளை மறைத்தே வாழ நேர்ந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

1967 ஆகஸ்டு 8 ஆம் நாள் பாங்காக்கில் தாய்லாந்தின் தனாட் கோமன், இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், பிலிப்பைன்சின் நார்சிசோ இராமோசு, மலேசியாவின் துன் அப்துல் ரசாக், சிங்கப்பூரின் இராசரத்தினம் ஆகிய ஐவரும் கையெழுத்திட, ஆசியான் அமைப்பு பிறந்தது. ஓராண்டுக்கு முன்வரை ஒருவரையொருவர் ஐயுற்ற நாடுகள் அவை. பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே அளவு நாற்காலி இடப்பட்ட மேசை, சிறியவருக்கே மிகுதியும் பயன்படும்.

1968 சனவரியில் பிரித்தானியா தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. தளங்களை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின. 1971 இறுதிக்குள் படைகள் சென்றன. 1972 பிப்ரவரி 6 ஆம் நாள் இதழாளர்கள் கூடிய அவையில் இராசரத்தினம் ஒரு கருத்தை முன்வைத்தார்: பின்னிலம் இல்லாத துறைமுக நகரம் வாழ முடியாது என்பது பழைய கணக்கு, உலகம் முழுவதையுமே தன் பின்னிலமாகக் கொள்ளும் நகரம் வாழும். 'உலக நகரம்' என்ற அச்சிந்தனை பின்னர் அந்நாட்டின் பொருளாதார வழியாகவே மாறியது. காரைக்குடிச் சீமையில் நீரில்லாத மண்ணிலிருந்துகொண்டு வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு இக்கருத்து வியப்பளித்திராது.

சொல்லுக்கு வந்த சோதனைகள்

மெக்டொனால்டு மாளிகையில் குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதிபர் சுகார்த்தோவே கருணை வேண்டினார். சட்டம் அனைவர்க்கும் ஒன்று என்ற நிலையில் நின்று, 1968 அக்டோபர் 17 ஆம் நாள் சிங்கப்பூர் அத்தண்டனையை நிறைவேற்றியது. சகார்த்தாவிலிருந்த சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. 1973 ஆம் ஆண்டில் லீ குவான் இயூ சகார்த்தா சென்றபோது அவ்விரு வீரர்களின் கல்லறையில் மலர் தூவினார். தீர்ப்பு மாறவில்லை; மாண்டவர்க்குரிய மதிப்பும் மறுக்கப்படவில்லை. அதன்பின் இரு நாட்டு உறவு சீர்பட்டது. சில வேளைகளில் ஒரு பிடி மலர் நெடிய அறிக்கையினும் நன்றாகப் பேசும்.

1974 சனவரி 31 ஆம் நாள் ஆயுதம் தாங்கிய நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கி, 'லாஜு' என்னும் பயணப்படகைக் கைப்பற்றி, படகோட்டிகளைப் பிணையாக்கினர். நாட்கள் நீண்டன. குவைத்திலிருந்த சப்பானியத் தூதரகத்தையும் அவர்தம் கூட்டத்தார் கைப்பற்றினர். இறுதியில், பாதுகாப்பாக வெளியேற விடுவோம் என்ற வாக்குக்கு ஈடாகச் சிங்கப்பூர் அலுவலர் 13 பேர் அந்நால்வருடன் குவைத்துக்கு ஒரே வானூர்தியில் சென்றனர். அக்குழுவை நடத்திச் சென்றவர் செ. இரா. நாதன். 1966 ஆம் ஆண்டில் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்து, அப்போது பாதுகாப்பு அமைச்சகத்தில் பணியாற்றியவர். 1999 முதல் 2011 வரை அந்நாட்டின் அதிபராக விளங்கிய தமிழர். பிணையாளிகள் உயிருடன் மீண்டனர், சென்றவர்களும் திரும்பினர். அரசின் சொல்லுக்கு அலுவலர் தம் உயிரையே அடகு வைத்த நிகழ்ச்சி அது.

1975 ஆம் ஆண்டில் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் புகுந்தது. பெரிய நாடொன்று சிறிய நிலமொன்றை விழுங்கியபோது, ஐ.நா. பொதுப்பேரவையில் மற்ற ஆசியான் நாடுகள் இந்தோனேசியாவின் பக்கம் நிற்க, சிங்கப்பூர் வாக்களிக்காமல் விலகி நின்றது. அவ்வளவுக்கே அண்டை நாட்டின் கடுஞ்சினத்துக்கு ஆளாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் இந்தோனேசியாவோடு சேர்ந்தே வாக்களித்தது. தான் போற்றிய கொள்கைக்கும் தன் வாழ்வுக்கும் இடையே அது தன் வாழ்வைத் தேர்ந்தது. திமோர் மக்கள் இதனை மறந்திருக்க நியாயமில்லை.

1978 திசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தபோது இராசரத்தினத்தின் குரல் உயர்ந்தது. அயல்நாட்டுப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் 1979 நவம்பரில் 91 வாக்குகளுக்கு எதிராக 21 என்ற கணக்கில் நிறைவேறியது. 29 நாடுகள் நடுநிலை வகித்தன. ஆனால் வீழ்த்தப்பட்டது இலட்சக்கணக்கான தன் மக்களையே கொன்ற போல் பாட்டின் ஆட்சி. எல்லையின் புனிதம் பேசியவர்கள் அவ்வாட்சிக்கு ஐ.நா.வில் இருக்கை தொடர வழி செய்தனர் என்னும் குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. 1983 ஆம் ஆண்டில் தன் நெருங்கிய நட்பு நாடாகிய அமெரிக்கா கிரெனடா என்னும் சிறு தீவில் படையிறக்கியபோது, அதனைக் கண்டித்த தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. அப்போது வெளியுறவு அமைச்சர் சு. தனபாலன். திமோரில் தளர்ந்த சொல் கிரெனடாவில் நிமிர்ந்தது.

எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இதழுரிமைக்காக எழுதிய இராசரத்தினம் அமர்ந்திருந்த அமைச்சரவையே 1971 ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் மீது கடும் நடவடிக்கை எடுத்தது. உலக அரங்கில் சிறியவரின் குரலுக்காக வாதாடிய அரசு, தன் வீட்டுக்குள் மாறுபட்ட குரல்களுக்கு அதே இடத்தை அளித்ததா என்ற வினா அவர் வாழ்வின் மேல் நிற்கிறது. அரசின் நாவாக மாறும் எழுத்தாளர் எவரும் இவ்வினாவுக்குத் தப்ப முடியாது.

பர்மாவின் பாடம்

இவ்வளவு இடர்ப்பட்டும் சட்டம், ஒப்பந்தம், எல்லை என்று ஒரு சிறு நாடு ஓயாமல் பேசுவது ஏன்? இதற்கு விடை செட்டிநாட்டு வீடுகளின் பழைய பெட்டகங்களிலேயே கிடைக்கும்.

கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டு விளைநிலம் 1937 ஆம் ஆண்டளவில் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமற் போக, ஈடாக வந்த நிலம் அது. முறிகள் செம்மையாக எழுதப்பட்டிருந்தன, கணக்குகளில் பிழையில்லை. மறுபக்கத்தில், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கண்ணீரும் இருந்தது. 1942 ஆம் ஆண்டில் சப்பானியர் வந்தபோது பல்லாயிரவர் காட்டுவழியே கால்நடையாகத் தாயகம் திரும்பினர். 1948 ஆம் ஆண்டின் நில நாட்டுடைமைச் சட்டமும், 1962-க்குப் பின் வந்த படையாட்சியின் நாட்டுடைமை நடவடிக்கைகளும் எஞ்சியதை முடித்தன. பத்திரங்கள் பெட்டகத்தில் இருந்தன. அவற்றை மதிக்கும் அரசு இல்லை.

சொல்லின் நாணயம் சொல்பவரிடம் மட்டும் இருந்தால் போதாது என்பதே அப்பாடம். கேட்பவரும் அதனை மதிக்கும் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு எளியோரையும் காப்பதாக இருத்தல் வேண்டும். எளியோரை வருத்தும் எழுத்து நெடுநாள் நிலைப்பதில்லை. உலக ஒழுங்கு குலைந்தால் பெரிய நாடுகள் வலிமையால் பிழைத்துக்கொள்ளும். சிறிய நாடுகளின் கையில் செல்லாத பத்திரங்களே மிஞ்சும். கிரெனடாவுக்காகவும் கம்போடியாவின் எல்லைக்காகவும் சிங்கப்பூர் பேசியது இரக்கத்தால் மட்டுமன்று. தன் பத்திரம் செல்லுபடியாக வேண்டுமானால் பிறர் பத்திரமும் செல்ல வேண்டும்.

பின்வந்தோர்

இராசரத்தினம் 1980 ஆம் ஆண்டுவரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்ற முதல் எழுவருள் ஐவர் தமிழ் மரபினர்: இராசரத்தினம், தனபாலன், செயக்குமார், சண்முகம், 2015 ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற விவியன் பாலகிருஷ்ணன். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தியச் சமுதாயத்திலிருந்து இவர்கள் வந்தமை பெருமைக்குரியதே. ஆயினும் அவர்கள் தமிழருக்காகப் பேசவில்லை. தம் நாட்டின் நான்கு மொழியாளருக்காகவும் பேசினர் என்பதே அப்பெருமையின் உட்பொருள்.

1992 ஆம் ஆண்டில் ஐ.நா.வில் சிறு நாடுகளின் மன்றம் ஒன்றைச் சிங்கப்பூர் முன்னின்று அமைத்தது. 16 நாடுகளுடன் தொடங்கிய அம்மன்றம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளாக வளர்ந்தது. 2008 மே 23 ஆம் நாள், பெத்ரா பிராங்கா என்னும் பாறைத்தீவு யாருக்குரியது என்ற நெடுநாள் வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெத்ரா பிராங்கா சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கும் உரியன என முடிவாயிற்று. கலங்கரை விளக்கம் நின்ற அப்பாறைக்காக ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. 1965 ஆம் ஆண்டில் கண்ணீரோடு பிரிந்த இரு நாடுகள், பழைய கடிதங்களையும் வரைபடங்களையும் அறமன்றத்தின் முன் வைத்து வாதாடின.

அத்தீர்ப்பைக் காண இராசரத்தினம் இல்லை. 2006 பிப்ரவரி 22 ஆம் நாள், தம் தொண்ணூற்றோராம் பிறந்தநாளுக்கு மூன்று நாட்கள் முன்னதாக அவர் மறைந்தார். இறுதி ஆண்டுகளில் மறதிநோய் அவர் நினைவையும் பேச்சையும் கவர்ந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் சொல்லால் வாழ்ந்தவரிடமிருந்து சொல் முன்னதாகவே விடைபெற்றது. அவர் எழுதிய உறுதிமொழி மட்டும் காலைதோறும் பிள்ளைகளின் வாயில் ஒலித்துக்கொண்டிருந்தது.

மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இன்றில்லை. அவை இருந்த இடத்தில் வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் பெட்டகங்களில் இரங்கூன் முறிகளும் சிங்கப்பூர்ப் பேரேடுகளும் அருகருகே உறங்கக்கூடும். எழுதிய கை ஒன்றே, எழுத்தும் ஒன்றே. ஒன்று செல்லாமற் போனது, மற்றொன்று செல்லுபடியானது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட புலவர்கள் அவ்விரண்டையும் ஒருசேர எடுத்துப் படிப்பது நன்று.